மான் விலாவுக்கு உப்புப் பார்க்கிறவர்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. மான் விலாவை எப்படியெப்படிச் சமைக்கலாம் என்று எழுதித் தருவதாக ஒரு சஞ்சிகைக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் கேட்டது அரைப் பக்கம். நான் ஒன்றரைப் பக்கத்தில் தொடங்கி, ஒரு பக்கத்துக்கு இறங்கி வந்தேன். துணிக்கடையில், விலை பேசுகிறவர்களுக்கு நடுவில் வளர்ந்தால் கேட்டதை அப்படியே கொடுக்க மனம் வராது.

குறிப்பெடுக்க வீரகத்தியைப் பிடித்தேன். கனகராயன்குளத்துக் காட்டில் இருபது வருஷம் வேட்டையாடியவர். இரண்டாயிரத்தொன்றில் வவுனியாவில், இடம்பெயர்ந்து வந்த ஆட்களோடு ஆளாக, பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மூண்டு விதமாச் சமைக்கலாம்," என்றார்.

இரண்டைச் சொன்னார். மூன்றாவதுக்கு வந்ததும் காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார். பற்றவைக்கவில்லை. திரும்பக் காதிலேயே செருகினார்.

"மூண்டாவது ஒருக்காத்தான் நடந்தது. அதைச் சமையல் எண்டு சொல்லேலாது தம்பி."

அந்த இடத்தில் சமையல் குறிப்பு செத்தது. சஞ்சிகைக்காரர் இன்னும் காத்திருக்கிறார்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் அலைந்தேன். எறிந்தவற்றை இங்கேயே விட்டுவைக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "1994, ஆவணி மாதத்து ஒரு பிற்பகலில் அழகம்மா அம்மியில் மிளகை வைத்து —"

இல்லை. அம்மியில் தொடங்கினால் வாசிக்கிறவர் இதை ஒரு கைப்பக்குவக் கதை என்று நினைத்துக்கொள்வார். அழகம்மாவின் கைப்பக்குவம் பெரியதுதான். ஆனால் அன்று வேலை செய்தது கையல்ல.

தொடக்கம் இரண்டு: "கனகலிங்கம் நல்ல மனிதர்."

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் இப்படித் தொடங்கும் கதையின் இரண்டாவது வரியை எவரும் வாசிப்பதில்லை.

தொடக்கம் மூன்று: "அந்த மான்..."

இது அப்படியே நிற்கிறது. மேலே போக முடியவில்லை. வீரகத்தி சொன்னதைத் தருகிறேன்:

"புள்ளிமான். குளம் வத்தி நடுவில கொஞ்சம் சேறு. அதுக்க நிண்டுது. நாங்கள் ஆறு பேர், நாய் மூண்டு. ஓடேல்லை. தலையை நிமித்தி எங்களைப் பாத்துது. அந்த ரெண்டு நிமிஷம் நாய் கூடக் குலைக்கேல்லை. எனக்குக் கையெடுத்துக் கும்பிடவேணும்போல இருந்தது. என்ர சீவியத்தில அப்பிடி ரெண்டு தரம் இருந்திருக்கு."

"மற்றது?"

"அதைத்தானே சொல்லவந்தனான். நீர் விட்டாத்தானே."

3

மான் விலாவில் இறைச்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு விரல் தடிப்பு. அதன்மேல் ஒரு சவ்வு. உட்பக்கம் கொழுப்பு. தொடை இறைச்சி கையில் இருக்கும்போது விலாவுக்குச் சண்டை பிடிக்கிறவர்களைப் பார்த்து, ஒருகாலத்தில் நான் சிரித்திருக்கிறேன். பிறகு தின்றேன். பிறகு சிரிக்கவில்லை.

முதலாவது விதம், வாட்டல். காட்டுக்குள்ளேயே பச்சைத் தடியில் கோத்து, நெருப்புக்கு ஒரு முழம் தள்ளிச் சாய்த்து நாட்டுவது. உப்பும் காட்டெலுமிச்சையும் போதும். கொழுப்பு சொட்டி நெருப்புச் சீறும்போது தடியைத் திருப்பவேண்டும்.

இரண்டாவது, யாழ்ப்பாணத்துக் கறி. அந்த ஆறு பேரில் ஒருவரான கனகலிங்கத்தின் மனைவி அன்னபாக்கியம் வைப்பது. கறுக்க வறுத்த தூள், பெருஞ்சீரகம், கட்டித் தேங்காய்ப்பால். "அவா வைச்சா எலும்பே மெத்தெண்டு கிடக்கும்," என்றார் வீரகத்தி. மிகைதான். ஆனால் சொல்லும்போது கண்ணை மூடினார். கண்ணை மூடிச் சொல்கிற மிகையை நான் வெட்டுவதில்லை.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இந்தக் கதை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. மான் கொழுப்பு ஆறினால் மெழுகு. நாக்கிலும் மேல்வாயிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். சுடுதண்ணீர் குடித்தாலும் இலேசில் போகாது. ஆகவே விலாவைச் சட்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அடுப்படியில் நின்று, சுடச்சுடத் தின்னவேண்டும்.

[இங்கே மான் வேட்டை சரியா என்ற ஒரு பந்தி இருந்தது. நியாயமான பந்தி. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் வராத காலத்தில், நெல்லைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில் இருந்துகொண்டு அதை எழுதியிருந்தால் இன்னும் நியாயமாக இருந்திருக்கும். வெட்டிவிட்டேன்.]

4

அந்த ஆறு பேருக்குள் ஒரு முறை இருந்தது. வேறு ஊர்களில் எப்படியோ தெரியாது, இவர்களிடம் இப்படி.

இறைச்சியைத் தேக்கிலையில் ஆறு பங்காகப் போடுவார்கள். விலாவை மட்டும் பங்கு போடுவதில்லை. காட்டில் இரவு தங்கினால் அங்கேயே வாட்டுவார்கள்; ஊர் திரும்பினால், எந்த நாய் மானை மடக்கியதோ, அந்த நாயின் வீட்டுக்கு முழு விலாவும் போகும். அந்த வீட்டில் சமைப்பார்கள். ஆறு பேரும் அந்த வீட்டுக்குப் போய்ச் சூட்டோடு தின்பார்கள். போகாமல் விடுவது, அடுத்த வேட்டைக்கு வரமாட்டேன் என்று சொல்வதற்குச் சமம்.

இன்னொரு முறையும் உண்டு. உப்புப் பார்க்கிறவர் கனகலிங்கம். ஆனையிறவு உப்பளம் நின்றுபோன பிறகு, முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் வருகிற உப்புத்தான். அதை ஒரு துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். எந்த விலாவானாலும் அவர் ஒரு துளி நாக்கில் வைத்து, போதுமானால் "காணும்" என்றோ, போதாவிட்டால் "காணாது" என்றோ சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கைவைப்பார்கள். ஒரு தரமும் தவறியதில்லை. ஐந்து ஏக்கர் வயல் இருந்தும், பெரிய மகன் இருந்தும், அவருக்குள்ளே இருந்த பெருமை அந்த நாக்குத்தான்.

5

இனி அழகம்மா.

(இவளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: இவ்வளவு கெட்டிக்காரி ஒருத்தி இருக்க முடியுமா? கொஞ்சம் குறைத்து எழுதிப் பார்த்தேன். குறைத்தவளால் அன்று நடந்ததைச் செய்ய முடியவில்லை. ஆகவே முழு ஆளாகவே வருகிறாள்.)

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து, கணவன் மாயாண்டியோடும் மூன்று வயது மகள் சிவரூபியோடும் கனகராயன்குளத்துக்கு வந்தவள். வந்த முதல் மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் தலைக்கேறி வலிப்பு வந்தது. மழை. தன்னுடைய ட்ரக்டரில் வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு ஓடியவர் கனகலிங்கம். அவருடைய தகப்பன் ஐம்பதுகளில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காணி பெற்றவர். கனகலிங்கம்தான் இவர்களுக்கு விதைநெல் கொடுத்தார். கிணறு வெட்ட இடம் காட்டினார். காட்டில் மாயாண்டி வாட்டிய விலாவை மாயாண்டியின் கையிலிருந்தே வாங்கித் தின்றார். அதே போத்தலில் தண்ணீர் குடித்தார்.

ஆனால் பதினேழு வருஷத்தில் ஒருநாளும் அழகம்மாவின் வீட்டில் ஒரு மிடறு தேத்தண்ணீர் குடித்ததில்லை. வேலிக் கதவான படலையடியில் சைக்கிளைச் சாய்த்து, ஒரு கால் நிலத்திலும் ஒரு கால் மிதியிலுமாக நிற்பார்.

"ஐயா, உள்ள வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

"வாசம் தூக்குது பிள்ளை. உன்ர கைக்கு ஈடில்லை. ஆனா எனக்குப் பித்தம் பார்."

படலைக்கு வெளியே இல்லாத பித்தம். காட்டுக்குள் இல்லாத பித்தம்.

கடையில் நிற்கிறவர்களுக்கு இந்த ஆளைத் தெரியும். துணியைத் தடவி, "ஆகா, அருமையான சாமான்" என்று புகழ்கிறவர் வாங்கமாட்டார், போய்விடுவார். கரை சரியில்லை, சாயம் போகும், போன முறை தந்தது இதைவிடத் திறம் என்று குறை சொல்லத் தொடங்குகிறவருக்குத்தான் கதிரை போடவேண்டும். அவர் மனதுக்குள் வாங்கிவிட்டார். அழகம்மா கடையில் நின்றதில்லை. ஆனால் பதினேழு வருஷம் புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு நின்றவளுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

6

கனகலிங்கத்தின் வீட்டு நாய் குட்டி போட்டது. மகன் கிருசாந்தன் ஒரு வெள்ளைக் குட்டியைச் சிவரூபியிடம் கொண்டுவந்து கொடுத்தான். குட்டியைப் பார்க்க ஒருநாள் வந்தான். பிறகு குட்டிக்குப் பூச்சி மருந்து கொண்டுவந்தான். குட்டி வளர்ந்து கடுவனாகி, வெள்ளையன் என்று பெயரும் எடுத்து, பூச்சியெல்லாம் தீர்ந்த பிறகும் வந்துகொண்டிருந்தான்.

விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. கனகலிங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. "பாப்பம்," என்றார். எட்டு மாதமாக அந்த "பாப்பம்" அப்படியே கிடந்தது.

அழகம்மாவின் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வந்தவர்கள், சம்மதம் இல்லாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பிறகு பேச்சில்லை. இது கனகலிங்கத்துக்கும் தெரியும். காட்டில் மாயாண்டிதான் ஒருமுறை கதையோடு கதையாகச் சொல்லியிருக்கிறான்.

இப்போது அந்த ஆவணி மாதத்துப் பகல். சேற்றில் நின்ற மான். அதை மடக்கியது வெள்ளையன். மாயாண்டி வீட்டு நாய் மடக்கிய முதல் மான்.

7

மாயாண்டி தோளில் தேக்கிலைப் பொதியோடு ஓடிவந்தான்.

"அழகு! வெள்ளையன் மடக்கிட்டான். வெலா நம்ம வூட்டுக்கு!"

"எல்லாரும் வாறாங்களா?"

"வரணும்ல, மொறை."

"ஐயாவும்?"

மாயாண்டி பொதியை இறக்கிவைத்தான். நாயைத் தடவினான். "நான் ஒண்ணு சொல்றேன். சட்டியே வேணாம். கொளத்துக்கட்டுல நெருப்பப் போட்டு வாட்டிருவோம், காட்டுல மாதிரி. அங்கன்னா அவரு திம்பாரு. யாருக்கும் சங்கடமில்ல."

"அப்பா, அப்ப எங்கட சட்டிக்கு என்ன?" சிவரூபி கேட்டாள். பேச்சில் அவள் வன்னிக்காரி. தாய் தகப்பனின் பேச்சு அவளிடம் இல்லை.

"சட்டிக்கு ஒண்ணுமில்ல தாயி. அவருக்குத்தான்..."

அழகம்மா பொதியைப் பிரித்தாள். பதின்மூன்று எலும்பு ஒரு பக்கம். விரித்த விசிறி மாதிரி. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

(இங்கே அவள் என்ன நினைத்தாள் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அவை என்னுடைய நினைப்பு. அவள் சொன்னதை மட்டும் வைக்கிறேன்.)

"கொளத்துக்கட்டுல தின்னா அது காடு போட்ட சாப்பாடு. நான் போட்டதில்ல," என்றாள். "மேலேருந்து சட்டிய எறக்கு."

மூன்றாவது விதம் இதுதான். சவ்வை உரித்தாள். இரண்டிரண்டு எலும்பாகப் பிரித்து, மஞ்சள் போட்ட கொதிநீரில் ஒருமுறை அலசினாள். மல்லி, மிளகு, செத்தல் மிளகாய், இஞ்சி, உள்ளி எல்லாம் அம்மியில் விழுதாயின. பச்சைப் பப்பாசியின் தோலோடு ஒரு கீற்று, இறைச்சி இளக. கறுத்த மண்சட்டி. அவளுடைய கிணற்றுத் தண்ணீர்.

வாசம் எழும்பியது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் —

சரி, விடுங்கள். வெள்ளையன் சட்டியைப் பார்த்தபடி படுத்திருந்தது. வாலை ஆட்ட மறந்துபோயிருந்தது. அவ்வளவுதான் என்னால் முடியும்.

"அம்மா, நீங்கள் உப்புப் போடேல்லை," என்றாள் சிவரூபி.

"தெரியும்."

"இறைச்சிக்கு உப்பில்லாமல்..."

"வெறகத் தள்ளு."

8

நாலு மணியளவில் ஆட்கள் வந்தார்கள். நாலு பேர் வேப்பமரத்துக்குக் கீழே பாயில் இருந்தார்கள். வீரகத்தி, பரமலிங்கம், இன்னும் இருவர். மாயாண்டி வாழையிலை கழுவிக்கொண்டு நின்றான்.

கனகலிங்கமும் வந்தார். முறைக்கு வந்தார். படலையடியில் சைக்கிள். ஒரு கால் நிலத்தில், ஒரு கால் மிதியில்.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை," வீரகத்தி கூப்பிட்டார். "படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா அது விழாதெண்டோ?"

"இல்லையடா, வாய்க்கால் திறக்கவேணும். முகத்தைக் காட்டிப்போட்டுப் போவமெண்டு."

"ஆவணியில என்ன வாய்க்கால்? குளமே வத்திக் கிடக்கு."

பாயில் சிரிப்பு. கனகலிங்கமும் சிரித்தார். கால் மிதியிலிருந்து இறங்கவில்லை.

அழகம்மா குசினியிலிருந்து வெளியே வந்தாள். கையில் சிரட்டை அகப்பை, அதில் ஆவி பறக்கிற குழம்பு. பாயைத் தாண்டினாள். எவரையும் பார்க்கவில்லை. நேரே படலைக்குப் போனாள்.

"அண்ணே," என்றாள்.

பதினேழு வருஷம் ஐயா. அன்று அண்ணே. பரமலிங்கம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்ததாக வீரகத்தி சொன்னார்.

"அண்ணே, உப்புப் பாருங்க. நீங்க சொன்னாத்தான் சட்டிய எறக்குவேன்."

"பிள்ளை... எனக்குப் பித்தம்."

"நான் திங்கச் சொல்லல்ல. உப்புத்தான் பாக்கச் சொன்னேன். அதுக்கு வேற யாரு இருக்கா?"

அவர் பாயைப் பார்த்தார். பாய் அவரைப் பார்த்தது.

"அண்ணை," என்றார் வீரகத்தி, மிக மெதுவாக, "ஏலாதெண்டாச் சொல்லுங்கோ. உப்பு முடிச்சை இண்டையில இருந்து நான் காவுறன்."

இந்த இடத்தில்தான் வீரகத்தி எனக்குக் கதை சொல்வதை நிறுத்தினார். ஒட்டுப் போட்ட ரியூப்பைத் தண்ணீரில் அமத்தி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, சட்டியில உப்பில்லை எண்டு அப்ப எங்களுக்குத் தெரியாது. பிறகு சிவரூபி சொல்லித்தான் தெரியும். ஒரு அகப்பையை நீட்டிக்கொண்டு அவா நிக்கிறா. கெஞ்சவுமில்லை, கோவமுமில்லை. அந்தச் சேத்துக்க நிண்ட மான் எப்பிடித் தலையை நிமித்திப் பாத்துதோ, அப்பிடி. கும்பிடவேணும்போல இருந்த மற்றத்தரம் அதுதான்."

9

முடிவுகள் என் மேசையில் மூன்று இருக்கின்றன.

ஒன்று: கனகலிங்கம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். உப்பு முடிச்சு வீரகத்தியின் இடுப்புக்கு மாறுகிறது. கிருசாந்தன் —

எழுத விருப்பமில்லை.

இரண்டு: துளியை நாக்கில் வைத்து, "அருமை பிள்ளை, உப்புக் காணும்," என்கிறார். பார்ப்பதற்கு நல்ல முடிவு. ஆனால் நீங்கள் இப்போது ஏமாறமாட்டீர்கள். புகழ்ந்துவிட்டுப் போகிற ஆள் அவர். உப்பே போடாத குழம்பைக் காணும் என்று சொல்லவேண்டுமானால், தன்னுடைய நாக்கைத் தானே விற்கவேண்டும். அந்த வாசலையும் அடைத்துவைக்கத்தான் அழகம்மா சட்டிக்கு உப்புப் போடவில்லை. பதினேழு வருஷம் நல்லதையே சொல்லித் தப்பிய மனிதருக்கு, குறை சொல்லுவதைத் தவிர வேறு வழியில்லாத ஒரு சட்டியை அவள் வைத்தாள். எங்கள் கடைத்தெரு முழுவதும் சேர்ந்து யோசித்திருந்தாலும் இது வந்திராது.

மூன்று: "காணாது," என்கிறார். அப்படிச் சொன்னால் முடிச்சை அவிழ்க்கவேண்டும். அவிழ்த்தால், அவருடைய உப்பு அவளுடைய சட்டிக்குள் விழும். தன் உப்பு விழுந்த சட்டியில் தின்னமாட்டேன் என்று அந்தக் காட்டில் எவரும் சொல்லமுடியாது.

எது நடந்தது? வீரகத்தி ஒன்று சொன்னார். பரமலிங்கத்தையும் தேடிப் பிடித்தேன். அவர் வேறொன்று சொன்னார். இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். அந்த ஆவணிக்குப் பிறகு சண்டை வந்து அந்த ஊர் முழுவதும் எழும்பிப் போயிருந்தது. படலையும் இல்லை, வேம்பும் இல்லை. அழகம்மாவும் மகளும் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்ல ஆளில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவது எனக்குக் கைவந்த வேலைதான். ஆனால் அந்த அகப்பைக்கு முன்னால் அதைச் செய்யக் கூசுகிறது.

ஆகவே, இரண்டு சாட்சிகளும் ஒத்துக்கொண்ட மட்டும் சொல்கிறேன்.

கனகலிங்கத்தின் கால் மிதியிலிருந்து இறங்கியது. வலது உள்ளங்கையை நீட்டினார். அழகம்மா அகப்பையைச் சாய்த்தாள். குழம்பு விழுந்தது. ஒரு கரண்டி அளவுதான். அதன்மேல் பொன்னிறமாக மான் கொழுப்பு. இடது கையின் பெருவிரல் இடுப்புக்குப் போய், உப்பு முடிச்சின்மேல் நின்றது. அதை மூடிப் பிடித்ததா, அவிழ்க்கப் போனதா என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

மிச்சத்துக்கு நீங்கள் வாருங்கள். இவ்வளவு நேரம் பாயில் இருந்து வேடிக்கை பார்த்தீர்கள்தானே. எழும்பிப் படலைக்கு வாருங்கள். கையை நீட்டுங்கள்.

சுடுகிறது. இப்படியே வைத்திருக்க முடியாது. ஆறட்டும் என்று காத்திருந்தால் உறைந்து மெழுகாகிவிடும்; பிறகு உங்களாலும் உப்புப் பார்க்க முடியாது.

அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.